ஒலக்கூர் பக்கம் டென்ட் போடப் போறீங்களா? அதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்!

சென்னையிலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே போகிறவர்களுக்கு ஒலக்கூர் என்பது பெரும்பாலும் ஒரு பெயர்ப்பலகை மட்டும்தான். அச்சிறுபாக்கம், தொழுப்பேடு தாண்டியதும் அந்தப் பலகை வரும். டீ குடிக்க நிறுத்தலாமா, திண்டிவனத்திலேயே பார்த்துக்கொள்ளலாமா என்று யோசிப்பதற்குள் ஊர் போய்விடும். ரயிலில் போகிறவர்களுக்கும் அப்படித்தான். எக்ஸ்பிரஸ்கள் நிற்காமல் கடந்துபோகும் சின்ன ஸ்டேஷன் அது.

ஆனால், ஒலக்கூரை நடுவில் வைத்து ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள். கிழக்கே போனால் கழுவெளியும் மரக்காணம் உப்பளங்களும், அதைத் தாண்டி வங்கக் கடலும். மேற்கே செஞ்சியின் பாறை மலைகள். வடக்கே வேடந்தாங்கல். தெற்கே மரமெல்லாம் கல்லாகிப்போன திருவக்கரை. எல்லாமே பைக்கில் போய்த் திரும்பிவிடக்கூடிய தூரம். அதனால்தான் சனிக்கிழமை மாலைகளில் பின்சீட்டில் சுருட்டிக் கட்டிய டென்ட்டோடு இந்தப் பக்கம் வரும் பைக்குகளைப் பார்க்க முடிகிறது. ஆன்லைனில் ஆர்டர் போட்டால் இரண்டு நாளில் டென்ட் வந்துவிடும். ரிசார்ட் வேண்டாம், ஏசி வேண்டாம், ஒரு ராத்திரி வானத்தைப் பார்த்துக்கொண்டு வெட்டவெளியில் படுத்தால் போதும் என்பது இன்று பலருக்கும் இருக்கும் ஆசை.

நல்ல ஆசைதான். கேள்வி ஒன்றே ஒன்று: டென்ட்டை எங்கே அடிப்பது?

புறம்போக்கு யாருடையது?

நகரத்திலிருந்து வருகிறவர்கள் முதலில் தடுமாறும் இடம் இது. வேலி இல்லை, போர்டு இல்லை, வீடு இல்லை என்றால் 'சும்மா கிடக்கிற இடம்' என்று நினைத்துவிடுகிறார்கள். ஆனால், திண்டிவனம் வட்டாரத்தில் சும்மா கிடக்கிற இடம் என்று ஒன்று இல்லவே இல்லை.

ஏரி என்றால், 100 ஏக்கருக்கு மேல் பாசனம் தரும் பெரிய ஏரி நீர்வளத் துறையின் பொறுப்பு. அதைவிடச் சிறியது ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. புதர்க்காடு மூடிய குன்று வனத்துறையின் காப்புக்காடாக இருக்கலாம். பாறைமேல் ஒரு பழைய சுவர் தெரிந்தால் அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கலாம். பச்சைப்பசேல் என்று தெரியும் மேட்டுநிலம் ஊர் மாடுகளின் மேய்ச்சல் புறம்போக்காக இருக்கும். ஏரிக்கரையோரத்து ஆலமரத்தடி ஓர் ஊரின் எல்லைச்சாமி குடியிருக்கும் இடமாக இருக்கும்.

பொது நிலம் என்றால் யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்று அர்த்தமில்லை. எல்லோருக்கும் சொந்தமான நிலம் என்று அர்த்தம். அதில் ஒரு ராத்திரி தங்க வருகிறவரும் அந்த 'எல்லோரில்' ஒருவர்தான். ஆனால், விடிந்ததும் அதே கரையில் மாடு ஓட்டப்போகிறவரும், அதே மதகில் தண்ணீர் திறக்கப்போகிறவரும் அவருக்கு முன்னால் வரிசையில் நிற்கிறார்கள்.

இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். பல கிராமங்களில் விடியற்காலை ஏரிப் பக்கமும் புதர்ப் பக்கமும் பெண்கள் போய்வரும் நேரம். அந்த நேரத்தில் கரைமேல் நாலு ஆண்கள் டென்ட் போட்டு உட்கார்ந்திருந்தால் அவர்கள் எங்கே போவார்கள்? வந்தவர்களுக்கு இது தோன்றவே தோன்றாது. ஊரில் சண்டை வருவதற்கு இதுவே போதுமான காரணம்.

கழுவெளி: பறவைகளின் தங்குமிடம்

ஒலக்கூரிலிருந்து திண்டிவனம் வந்து, கிழக்கே மரக்காணம் சாலையைப் பிடித்தால் கழுவெளிப் பக்கம் போய்விடலாம். உப்பும் நன்னீரும் கலக்கும் பெரிய சதுப்புநிலம் இது. சுற்றியுள்ள ஏரிகளின் உபரிநீர் வடிந்து வந்து இங்கே சேர்கிறது. இன்னொரு பக்கம், இடையன்திட்டு கழிமுகத்தின் வழியாகக் கடல்நீர் உள்ளே வருகிறது. மழைக்காலத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர். கோடையில் வெடித்த சேறு. ஒரே இடத்துக்கு இரண்டு முகம்.

2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு இதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. பரப்பளவு 5,151 ஹெக்டேருக்கும் மேல். வேடந்தாங்கல் ஏரி சுமார் 30 ஹெக்டேர்தான் என்பதோடு ஒப்பிட்டால் இதன் அளவு புரியும். 2024 ஆகஸ்டில் திருப்பூர் நஞ்சராயன் குளத்தோடு சேர்ந்து கழுவெளியும் ராம்சர் பட்டியலில் இடம்பிடித்தது. உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்பதற்கான அங்கீகாரம் அது.

மத்திய ஆசியாவிலிருந்து இந்தியப் பெருங்கடல் வரை பறவைகள் வலசை வரும் வான்வழியில் இந்த இடம் இருக்கிறது. குளிர்காலத்தில் பூநாரை, கூழைக்கடா, ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, கருவால் மூக்கன், உள்ளான் என்று கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும். பல்லாயிரம் கிலோமீட்டர் பறந்து இளைத்து வரும் பறவை இங்கே செய்ய வேண்டிய வேலை இரண்டுதான். தின்ன வேண்டும், ஓய்வெடுக்க வேண்டும். திரும்பிப் போவதற்கான கொழுப்பை உடம்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு டார்ச் வெளிச்சம், ஒரு புளூடூத் ஸ்பீக்கர், தலைக்கு மேல் ஒரு ட்ரோன்... இவற்றில் ஏதாவது ஒன்று போதும், மொத்தக் கூட்டமும் எழும்பிவிடும். வீடியோவில் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால், ஒவ்வொரு முறை எழும்பும்போதும் அந்தப் பறவை சேர்த்துவைத்த சக்தியைச் செலவழிக்கிறது. நம்முடைய 15 விநாடி ரீல்ஸுக்கு அது கொடுக்கும் விலை அதிகம்.

அதனால் சட்டமும் கண்டிப்பாகவே இருக்கிறது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் நினைத்த நேரத்தில் நுழையவோ தங்கவோ முடியாது. ஆராய்ச்சி, புகைப்படம், சுற்றுலா போன்ற காரணங்களுக்கு வனத்துறையின் அனுமதி வேண்டும். உள்ளே குப்பை போடுவதும், உயிரினங்களைச் சீண்டுவதும், ஆபத்து வரும்படி தீ மூட்டுவதும் தடைசெய்யப்பட்டவை. சுருக்கமாகச் சொன்னால், கழுவெளிக்குள் டென்ட் கிடையாது. இதில் வருத்தப்பட எதுவும் இல்லை. பறவை பார்க்கச் சிறந்த நேரம் விடியற்காலை. திண்டிவனத்தில் தூங்கி, ஐந்து மணிக்குக் கிளம்பினால் சூரியன் எழும் நேரத்தில் சாலையோரம் நின்றே பார்த்துவிடலாம். ஒரு பைனாகுலர் இருந்தால் போதும்.

கோட்டையில் தூங்க முடியுமா?

மேற்கே செஞ்சி. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகளை மதிலால் இணைத்துக் கட்டிய கோட்டை. 1677-ல் சிவாஜியின் கைக்கு வந்தது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் மராத்திய ராணுவ நிலப்பரப்புகள் என்ற பெயரில் 12 கோட்டைகள் சேர்க்கப்பட்டன. அதில் மகாராஷ்டிராவுக்கு வெளியே இருக்கும் ஒரே கோட்டை செஞ்சிதான்.

பட்டியலில் வந்த பிறகு கூட்டம் கூடியிருக்கிறது. கோட்டை உச்சியில் ராத்திரி தங்கி சூரிய உதயம் பார்க்க வேண்டும் என்ற ஆசையும் கூடவே கூடும். ஆனால், இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்கள் மாலையில் மூடப்படும். அனுமதிக்கப்பட்ட இடம் தவிர உள்ளே சமைப்பதற்கும் சாப்பிடுவதற்கும் தடை உண்டு. சுவரில் பெயர் கிறுக்குவதும் தண்டனைக்குரிய குற்றம். காதலர் பெயரை அம்பு விட்ட இதயத்தோடு கீறி வைத்தால் அது காதலைவிட அதிக நாள் சுவரில் இருக்கும். தொல்லியல் துறை அதை அழிக்கப் படும் பாடு வேறு.

தெற்கே திருவக்கரைக்குப் போனால் வேறு பாடம். சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளத்தில் அடித்துவரப்பட்டுப் புதைந்த மரங்கள் கல்லாக மாறிக் கிடக்கும் பூங்கா இது. தேசியப் புவியியல் நினைவுச்சின்னம். பட்டை, வளையம், கணு எல்லாம் அப்படியே தெரியும். தொட்டுப் பார்த்தால்தான் கல் என்று நம்ப முடியும். ஒரு சின்னத் துண்டை நினைவுக்காகப் பையில் போட்டுக்கொள்ளத் தோன்றும். வந்துபோகும் ஒவ்வொருவரும் அப்படி ஒரு துண்டு எடுத்திருந்தால் இன்று அங்கே வெறும் செம்மண்தான் மிஞ்சியிருக்கும்.

திண்டிவனம் - மரக்காணம் சாலையில் இருக்கும் பெருமுக்கல் மலையிலும் இதே கதைதான். மலைமேல் சிவன் கோயில். பாறையில் பழங்கால மனிதர்கள் கீறிவைத்த உருவங்கள். தேடிப் பார்க்க வேண்டிய அளவுக்கு மெல்லிய கீறல்கள் அவை. பக்கத்தில் ஒருவர் அடுப்பு மூட்டினால், கரி படிந்தால், போனது போனதுதான்.

குரங்கணி சொல்லிக்கொடுத்தது

காப்புக்காடுகளுக்கு வருவோம். தமிழ்நாடு வனச் சட்டம் 1882-ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவதும் தீ வைப்பதும் அதன்படி குற்றம்.

'சட்டம் இருக்கட்டும், சும்மா ஒரு ராத்திரி தங்கினால் என்ன ஆகிவிடும்?' என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில், குரங்கணி. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மலையேற்றம் போய் இறங்கிக்கொண்டிருந்தவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. 23 பேர் உயிரிழந்தார்கள். சென்னையிலிருந்தும் திருப்பூர், ஈரோடு பக்கத்திலிருந்தும் வார இறுதிக்குப் போயிருந்த சாதாரண மனிதர்கள். அதன் பிறகுதான் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தத் தமிழக அரசு தனி விதிகளைக் கொண்டுவந்தது.

2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற திட்டம் தொடங்கியது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள். ஆன்லைனில் பதிவு செய்து, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டியோடு போகலாம். காட்டுத்தீ அபாயம் உள்ள மாதங்களில் மூடிவிடுவார்கள். காட்டை முறையாகப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு இது நல்ல வாசல்.

செஞ்சி மலைகளின் புல்லும் புதரும் மாசி, பங்குனியில் காய்ந்த சருகாகக் கிடக்கும். ஒரு பீடித்துண்டு போதும். அங்கே பார்பிக்யூ அடுப்பு என்பது கொஞ்சம் யோசிக்க வேண்டிய விஷயமில்லை. யோசிக்கவே கூடாத விஷயம்.

வெளிநாட்டில் முடிகிறதே?

யூடியூபில் வெளிநாட்டு கேம்பிங் வீடியோ பார்ப்பவர்களுக்கு இந்தக் கேள்வி வரும். நியாயமான கேள்விதான்.

ஸ்வீடனில் யார் வேண்டுமானாலும் காட்டில் ஓரிரு இரவு தங்கலாம் என்ற பொது உரிமையே இருக்கிறது. ஸ்காட்லாந்தில் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த உரிமையைத் தருகிறது. இங்கிலாந்தின் டார்ட்மூர் பகுதியில் அந்த உரிமை உண்டா இல்லையா என்று நிலச் சொந்தக்காரர்கள் வழக்குப் போட்டு, 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. அமெரிக்காவின் தேசியக் காடுகள் பலவற்றில் எந்த வசதியும் இல்லாத இடத்தில் பொதுவாக 14 நாள் வரை தங்க விடுகிறார்கள்.

ஆனால், அந்த உரிமைகள் எல்லாவற்றுக்கும் ஒரு மறுபக்கம் உண்டு. வந்த சுவடு தெரியாமல் போக வேண்டும். அமெரிக்காவில் இதை ஏழு நெறிகளாகவே எழுதிப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். திட்டமிட்டு வா, உறுதியான தரையில் தங்கு, கழிவை முறையாக அகற்று, கண்டதை எடுக்காதே, தீயைக் குறை, விலங்குகளை மதி, மற்றவர்களை மதி. அவ்வளவுதான். இதில் ஒன்றுகூட நம் ஊருக்குப் பொருந்தாதது இல்லை.

இது நமக்குப் புதுசா?

உண்மையில், வெட்டவெளியில் இரவு தங்குவது இந்த மண்ணுக்குப் புதிதே இல்லை.

அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக் கிடை போடுகிறவர்கள் செய்வது என்ன? பட்டி கட்டி, ஆடுகளை அடைத்து, பக்கத்திலேயே கட்டில் போட்டுப் படுத்துக்கொள்வார்கள். விடிந்தால் அடுத்த வயல். அவர்கள் போன பிறகு அந்த நிலத்தில் மிஞ்சுவது எரு மட்டும்தான். அதற்காக நிலத்துக்காரர் அவர்களுக்குக் கூலியும் தருகிறார். தங்கிப்போனதற்கு நிலத்துக்காரரே பணம் தரும் ஒரே கேம்பிங் இதுவாகத்தான் இருக்கும். தாளடியில் வாத்து மேய்க்கிறவர்களும் அப்படித்தான். சிந்திய நெல்லையும் பூச்சியையும் வாத்துகள் தின்றுவிட்டுப் போகும்.

இன்னும் பின்னால் போனால் சிறுபாணாற்றுப்படை இருக்கிறது. பத்துப்பாட்டில் ஒன்றான இது, ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைத் தேடிப் போகும் பாணனுக்கு வழி சொல்லும் பாட்டு. அதில் வரும் எயிற்பட்டினத்தை மரக்காணம் பக்கமும், வேலூரைக் கழுவெளி அருகே உள்ள உப்புவேலூர் என்றும், கிடங்கிலைத் திண்டிவனத்தின் கிடங்கல் என்றும் அறிஞர்கள் அடையாளம் காண்கிறார்கள். அதாவது, இன்று பைக்கில் சுற்றும் அதே வட்டாரத்துக்கு எழுதப்பட்ட பயண வழிகாட்டி அது. கடலோரத்தில் மீன் கிடைக்கும், அடுத்த ஊரில் புளிச்சோறு கிடைக்கும், மருதநிலத்தில் சோறும் நண்டும் கிடைக்கும் என்று சொல்லிக்கொண்டே போகும். வழிப்போக்கர் அந்தந்த ஊர்க்காரரின் விருந்தாளி. ஊர்க்காரரைப் பார்க்காமல், ஊர்க்காரருக்குத் தெரியாமல் தங்குவது என்ற பேச்சே அதில் இல்லை.

இன்றும் இந்தப் பக்கத்துக் கிராமத்தில் புது ஆள் நுழைந்தால் வரும் முதல் கேள்வி, "எந்த ஊரு தம்பி? யாரு ஊட்டுக்கு வந்திருக்கீங்க?" என்பதுதான். விசாரணை போலத் தெரியும். அந்தக் கேள்விக்கு ஒரு நேர்மையான பதில் வைத்திருப்பவருக்கு அதே வாய் தண்ணீரும் கொடுக்கும், வழியும் சொல்லும்.

அப்போ எங்கேதான் தங்குவது?

வழி இருக்கிறது. கொஞ்சம் போன் பேச வேண்டும், கொஞ்சம் வாய் திறந்து கேட்க வேண்டும்.

முதல் வழி, பட்டா நிலம். நண்பரின் கொல்லை, சொந்தக்காரரின் தோப்பு, இயற்கை விவசாயம் செய்பவரின் பண்ணை என்று யாராவது ஒருவரின் அனுமதி வேண்டும். சவுக்குத் தோப்பு காலியாகத்தான் இருக்கும், ஆனால் அதற்கும் சொந்தக்காரர் உண்டு. மோட்டார் கொட்டகை பக்கத்தில் தங்கினால் தண்ணீரும் கிடைக்கும், அவசரத்துக்கு ஆளும் இருக்கும்.

இரண்டாவது, அனுமதி பெற்ற கேம்பிங் இடங்கள். பணம் கட்டும் முன் கழிப்பறை இருக்கிறதா, குப்பையை என்ன செய்கிறார்கள், பெண்கள் தங்கப் பாதுகாப்பு உண்டா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் வேறு இடம் பாருங்கள்.

மூன்றாவது, பொது நிலம்தான் வேண்டும் என்றால், அது யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். கிராம நிர்வாக அலுவலரோ, ஊராட்சித் தலைவரோ சொல்லிவிடுவார்கள். காடு என்றால் வனச்சரக அலுவலகம். முடியாது என்று சொன்னால் முடியாது. 'அண்ணே, கொஞ்சம் பார்த்துக்கோங்க' என்று கையில் எதையாவது திணித்துவிட்டு உள்ளே போவது அனுமதி ஆகாது.

தங்கும்போது இதெல்லாம் முக்கியம்

மழை: ஐப்பசி, கார்த்திகையில் ஏரி உள்வாயிலும் ஓடைக்கரையிலும் டென்ட் அடிக்கவே கூடாது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியதை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. காய்ந்து கிடக்கும் ஓடை எவ்வளவு வேகத்தில் நிரம்பும் என்பது வெளியூர்க்காரருக்குத் தெரியாது.

கல்குவாரிக் குட்டை: நீலநிறத் தண்ணீரைப் பார்த்ததும் குதிக்கத் தோன்றும். கரையிலிருந்து ஓர் அடி வைத்தாலே பல ஆள் ஆழம் இருக்கும், ஏறிவரப் படியும் இருக்காது. நீச்சல் தெரிந்தவர்களும் மாட்டிக்கொள்ளும் இடம் இது.

பாம்பு: தரையில் படுப்பவர்களுக்கு முக்கியமான ஆபத்து கட்டுவிரியன். ராத்திரியில்தான் வெளியே வரும். கடித்தால் பல நேரம் வலியே தெரியாது. டென்ட்டின் ஜிப்பை எப்போதும் மூடிவையுங்கள். ஷூவை உதறிப் போடுங்கள். இருட்டில் நடக்கும்போது டார்ச்சைத் தரையைப் பார்த்து அடியுங்கள். கடி பட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். விஷமுறிவு மருந்து தயாரிக்கத் தேவையான விஷத்தைச் செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பல ஆண்டுகளாக எடுத்துக் கொடுத்துவருகிறது.

உண்ணிக் காய்ச்சல்: புதரில் இருக்கும் கண்ணுக்கே தெரியாத பூச்சியின் கடியால் வரும் ஸ்க்ரப் டைபஸ் இது. முழுக்கால் பேன்ட் போடுங்கள், புல்தரையில் நேரடியாகப் படுக்காதீர்கள். ஊர் திரும்பி ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல் வந்தால், வெளியில் தங்கியதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் மாத்திரையிலேயே சரியாகிவிடும்.

கழிவு: கழிப்பறை இல்லாத இடத்தில் தண்ணீரிலிருந்து குறைந்தது 60 மீட்டர் தள்ளி, ஒரு சாண் ஆழத்துக்குக் குழி தோண்டி, வேலை முடிந்ததும் மண்ணால் மூட வேண்டும். நாப்கின், டயப்பர், ஈரத் துடைப்பான் எதையும் புதைக்கக் கூடாது. ஒரு தனிப் பையில் கட்டி வீட்டுக்கே கொண்டுவர வேண்டும். கேட்கச் சங்கடமாக இருக்கலாம். ஆனால், அந்த ஏரித் தண்ணீரில்தான் நாளைக்கு மாடு குடிக்கும், நாற்று வளரும்.

பாட்டில்: இதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். உடைந்த பீர் பாட்டில் வயலுக்குள் போனால் சேற்றில் தெரியாது. செருப்பில்லாமல் நாற்று நடும் பெண்களின் காலில்தான் அது ஏறும். யார் போட்டது என்று யாருக்கும் தெரியாது. யாருடைய கால் என்று மட்டும் தெரியும். ஒருநாள் கூலி போய், ஆஸ்பத்திரிச் செலவும் சேரும்.

வெளிச்சம்: கிழக்குக் கடற்கரையோரம் தங்குபவர்கள் கவனத்துக்கு. தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் கரையேறி முட்டையிடும் காலம். குஞ்சுகள் வெளிச்சம் இருக்கும் திசையைக் கடல் என்று நினைத்து நகரும். மணலில் எல்.இ.டி. சரம் கட்டி அலங்கரித்தால் அவை கடலுக்குப் பதில் டென்ட்டை நோக்கி வந்து செத்துப்போகும்.

சத்தம்: வேடந்தாங்கல் கிராமத்தில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் தங்கள் வயலுக்கு உரம் என்பது அந்த மக்களுக்குத் தலைமுறைகளாகத் தெரியும். பிறந்த ஊரிலேயே பண்டிகை நாளில் அமைதி காக்கிறவர்கள் இருக்கும்போது, ஒரு ராத்திரி வந்து போகிறவர் ஸ்பீக்கரை அணைத்து வைப்பது பெரிய தியாகம் இல்லை.

குடும்பத்தோடு போக ஒரு திட்டம்

சனிக்கிழமை காலை கிளம்பி முதலில் வேடந்தாங்கல். அங்கிருந்து ஒலக்கூர் வழியாகத் திண்டிவனம். மாலையில் வெயில் தாழ்ந்ததும் பெருமுக்கல் மலை, இருட்டுவதற்குள் இறங்கிவிட வேண்டும். இரவு, முன்கூட்டியே பேசிவைத்த தோப்பிலோ பண்ணையிலோ டென்ட். சமையல் வேண்டாம், ஊர் மெஸ்ஸில் சொல்லிவைத்தால் சாப்பாடு வரும், அந்தக் குடும்பத்துக்கும் நாலு காசு கிடைக்கும். ஞாயிறு விடியற்காலை கழுவெளி ஓரம் பறவைகள். திரும்பும் வழியில் பருவம் இருந்தால் நுங்கு, மரக்காணம் கருவாடு. பிள்ளைகளிடம் ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்து எத்தனை வகைப் பறவை என்று எண்ணச் சொல்லுங்கள். போன் கேட்க மாட்டார்கள்.

தடை மட்டும் போதுமா?

அதேநேரம் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். 'கூடாது' என்ற போர்டு மட்டும் ஒரு நிலத்தைக் காப்பாற்றிவிடாது. டென்ட் போடும் நாலு இளைஞர்களைத் துரத்துவது சுலபம். ஏரியை வளைத்துப்போடுபவர்களையும் குன்றைக் குடைபவர்களையும் துரத்துவது அவ்வளவு சுலபமில்லை. ஒரு நிலத்தில் ஒரு ராத்திரியாவது தங்கி, விடியலில் அதன் பறவைகளைப் பார்த்தவர்தான் நாளைக்கு அதற்கு ஒன்று என்றால் குரல் கொடுப்பார்.

மரக்காணத்தில் 25 கோடி ரூபாயில் சர்வதேசப் பறவைகள் மையம் அமைக்கப்படும் என்று 2023-24 பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. அதைப் போலவே, சரணாலய எல்லைக்கு வெளியே, உள்ளூர் மக்களே நடத்தும் ஒரு சிறிய தங்குமிடமும் வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். பத்து டென்ட்டுக்கு இடம், இரண்டு கழிப்பறை, ஒரு கைபம்பு, வழிகாட்ட ஊர் இளைஞர்கள் நாலு பேர். பெரிய செலவு எதுவும் இல்லை. திருட்டுத்தனமாக உள்ளே நுழைகிறவர்கள் குறைவார்கள். சதுப்புநிலத்தை நம்பி வாழும் குடும்பங்களுக்கு, அது சதுப்புநிலமாகவே இருப்பதால் ஒரு வருமானம் வரும்.

அதுவரை, வழி எளிது. கிளம்பும் முன் ஒரு போன். போய்ச் சேர்ந்ததும் ஊரில் ஒரு வணக்கம். தங்கிய இடத்தைக் காலையில் விட்டுக் கிளம்பும்போது, கொண்டுவந்த குப்பையோடு யாரோ போட்டுப்போன ஒரு பாட்டிலையும் சேர்த்து எடுத்து வாருங்கள். அடுத்த முறை போகும்போது, 'யாரு ஊட்டுக்கு வந்திருக்கீங்க?' என்ற கேள்வி வராது. 'வாங்க தம்பி, எப்ப வந்தீங்க?' என்பார்கள்.